காட்சி மொழியை மாற்றாத மொழித் துறைகள்

இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் மொழித் துறைக்குள் நுழைந்தால், பெரும்பாலும் ஒரே விதமான காட்சியே கண்ணில் படும். சுவரில் இலக்கண ஆசிரியர்களின் படங்கள், அலமாரியில் கலைச்சொல் அகராதிகள், மேசைமேல் தாய்மொழியில் எழுதப்பட்ட ஆய்வேட்டின் பக்கங்கள். அந்தப் பக்கங்களைத் தட்டச்சு செய்த கணினியின் திரையிலோ 'ஃபைல்', 'எடிட்', 'வியூ'. துறையின் பெயர்ப்பலகை இந்தி என்றோ வங்காளம் என்றோ மலையாளம் என்றோ தமிழ் என்றோ மாறும். திரையின் மொழி மாறாது. மொழிக்காகவே ஊதியம் பெறுவோரும், மொழியையே ஆய்வுப் பொருளாகக் கொண்டோரும் தங்கள் கணினியோடு ஆங்கிலத்திலேயே உறவாடுகிறார்கள். அந்த அமைப்பை மாற்ற ஐந்து நிமிடங்கள் போதும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியும். இருந்தும் மாற்றுவதில்லை.

இதனை மொழிப்பற்றின் குறை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அது சரியான நோயறிதலும் அன்று. இந்திய மொழிகளில் கிடைக்கும் திரைகள் கரடுமுரடாக இருக்கின்றன என்பதே மாற்றாதவர்கள் சொல்லும் முதல் காரணம். அது உண்மை. ஆனால் அவை அப்படி இருப்பதற்கும், இலக்கணம் அறிந்தவர்கள் அவற்றுக்குள் குடியேறாமல் இருப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பே இங்கு விவாதத்துக்கு உரியது.

முதலில் காட்சி மொழி என்பது எது என்பதில் கற்றவர்களிடையேகூடக் குழப்பம் இருக்கிறது. 'என் கணினியில் தமிழ் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், அவர் பெரும்பாலும் விசைப்பலகையைத்தான் குறிக்கிறார். இயங்குதளத்தின் பார்வையில் மொழி என்பது ஒற்றைப் பொருள் அன்று. எந்த எழுத்தில் தட்டச்சு செய்வது என்பது உள்ளீட்டு மொழி. தேதியை எப்படி எழுதுவது, ஒரு லட்சத்தை 1,00,000 என்று பிரிப்பதா 100,000 என்று பிரிப்பதா என்பது வட்டார வடிவம். பட்டியல்கள், பொத்தான்கள், எச்சரிக்கைகள், பிழைச் செய்திகள் ஆகியவை எந்த மொழியில் வரும் என்பதே காட்சி மொழி. விண்டோஸ் இம்மூன்றையும் தனித்தனியே அமைக்க விடுகிறது. லினக்ஸ் இன்னும் நுணுக்கமானது: செய்திகளுக்கு ஒரு மொழி, தேதிக்கு வேறொரு மரபு, அகரவரிசைக்கு மற்றொன்று எனப் பிரித்துக்கொள்ளலாம்.

இந்திய மொழிக் கணிமையின் பெருமுயற்சிகள் எல்லாம் முதல் வகையைச் சார்ந்தே நடந்தன. குறியேற்றம், எழுத்துரு, விசைப்பலகை என்ற வரிசையில் பல பத்தாண்டுகள் உழைப்பு சென்றது. யூனிகோடு பரவியதும் அந்தப் போராட்டம் ஏறத்தாழ வெற்றி பெற்றது. இன்று எந்தக் கணினியிலும் மைதிலியில் மடல் எழுதலாம், மணிப்புரியில் கட்டுரை எழுதலாம். ஆனால் அந்த மடலைச் சேமிக்கும்போது கணினி கேட்கும் கேள்வி மைதிலியில் வராது என்ற நிலையில் அதிர்ச்சி அடைந்தவர்கள் குறைவு.

அரசின் விதிகளும் இதே வரம்பில்தான் நிற்கின்றன. கைப்பேசிகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2016இல் வகுத்த ஐஎஸ் 16333 என்ற தரத்தின் மூன்றாம் பகுதி, ஆங்கிலம், இந்தி, மேலும் ஓர் இந்திய மொழி ஆகியவற்றில் தட்டச்சு செய்யும் வசதியும், 22 அட்டவணை மொழிகளிலும் செய்திகளைப் படிக்கும் வசதியும் இருக்க வேண்டும் என்றது. எழுதலாம், படிக்கலாம் என்பது உறுதியாயிற்று. கருவி எந்த மொழியில் பேச வேண்டும் என்பது அந்தக் கட்டாயத்துக்குள் வரவில்லை.

மொழியியலாளர் பெர்னார்ட் ஸ்போல்ஸ்கி மொழிக்கொள்கையை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார்: மக்கள் உண்மையில் செய்யும் நடைமுறை, மொழியைப் பற்றி அவர்கள் கொண்டிருக்கும் நம்பிக்கை, அதிகாரம் உள்ளோர் செய்யும் மேலாண்மை. இந்தியாவில் நம்பிக்கைக்கும் மேலாண்மைக்கும் பஞ்சம் இல்லை. தாய்மொழி பற்றிய உரைகள் ஆண்டு முழுவதும் கேட்கின்றன; அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 முதல் இயங்குகிறது. நடைமுறை என்ற கூறு மட்டும் முன்னமைவாக வந்த ஆங்கிலத்தில் அப்படியே கிடக்கிறது. முன்னமைவு என்பது யாரும் கையெழுத்திடாத மொழிக்கொள்கை. துறைக் கூட்டத்தில் அது தீர்மானமாக வருவதில்லை. எனவே எவரும் அதை எதிர்ப்பதும் இல்லை.

திரையின் மொழி ஏன் கரடுமுரடாக இருக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பொதுவாக இந்தக் குறை கலைச்சொற்களின் குறையாகவே பேசப்படுகிறது. 'கோப்பு' என்பதா 'ஃபைல்' என்பதா, 'சங்கணக்' என்பதா 'கம்ப்யூட்டர்' என்பதா என்ற விவாதங்களில் கருத்தரங்குகள் கரைந்திருக்கின்றன. உண்மையில் சொல் ஒரு சிறு பகுதி. திரையில் இருப்பவை பெரும்பாலும் பேச்சுச் செயல்கள்: ஏவல், வினா, எச்சரிக்கை, வேண்டுகோள், ஒப்புதல். அவற்றின் இலக்கணத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஆங்கிலத்தின் 'சேவ்' பொத்தானை எடுத்துக்கொள்ளலாம். பயனர் கணினிக்கு இடும் ஏவல் அது. 'என்டர் யுவர் பாஸ்வேர்ட்' என்பதோ கணினி பயனரிடம் வைக்கும் வேண்டுகோள். ஆங்கிலத்தில் இரண்டும் வெறும் வினையடியாகவே நிற்கின்றன. யார் யாரிடம் பேசுகிறார் என்பது வடிவத்தில் தெரிவதில்லை. மரியாதையை வினைவிகுதியில் சுமக்கும் இந்திய மொழிகளுக்கு இந்த வசதி இல்லை. பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று முடிவு செய்த பின்புதான் ஒரு வினைமுற்றையே எழுத முடியும்.

ஒவ்வொரு மொழியும் இதற்கு ஒவ்வொரு வழி கண்டிருக்கிறது. இந்தித் திரை 'கோலோ' என்ற பழக்க ஏவலையும் 'கோலியே' என்ற பணிவு வடிவத்தையும் தவிர்த்து, 'கோலேன்', 'ஸஹேஜேன்' என்ற விழைவு வடிவத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. பொது அறிவிப்புப் பலகைகளின் நடை அது. வங்காளம் மரியாதை ஏவலான 'குலுன்', 'கொருன்' என்பவற்றைப் பயன்படுத்துகிறது. மலையாளம் 'துறக்குக' என்ற வடிவத்தால் நீ, நீங்கள் என்ற பிரிவையே தாண்டிச் சென்றது. கன்னடத்தில் 'தெரெ', 'தெரெயிரி' என இரண்டும் கண்ணில் படுகின்றன. தமிழ் இரண்டு நிலைகளை வைத்துக்கொண்டது. பயனர் கணினியைப் பார்த்துச் சொல்வது 'சேமி', 'திற', 'மூடு'. கணினி பயனரைப் பார்த்துச் சொல்வது 'கடவுச்சொல்லை உள்ளிடவும்'. மனிதர் கருவியை ஒருமையில் ஏவுகிறார். கருவி மனிதரிடம் பணிவாகக் கேட்கிறது. இது நல்ல முடிவு. ஆங்கில மூலத்தில் இல்லாத ஒரு தெளிவைத் தமிழ்த் திரை பெற்றிருக்கிறது.

ஆனால் இந்த முடிவை ஒரே சீராகக் கடைப்பிடிக்க, ஒவ்வொரு பொத்தானிலும் வினையின் எழுவாய் யார் என்று கேட்டாக வேண்டும். 'பதிவிறக்கு' என்பதில் பதிவிறக்குவது கணினி, ஏவல் சரி. 'உள்நுழை' என்பதில் நுழைவது யார்? மனிதர். அப்படியானால் அந்தப் பொத்தானில் பேசுவது கணினி; அது மனிதரை ஒருமையில் விரட்டுகிறது. 'மேலும் அறிக' என்பதிலும் அறிய வேண்டியவர் மனிதரே. அங்கே வியங்கோள் வந்திருப்பது பொருத்தம். 'மீண்டும் முயற்சி செய்' என்ற பொத்தான் இன்னும் வேடிக்கையானது. முயல வேண்டியது கணினியா, பயனரா? இணைப்பு அறுந்தபோது வரும் பொத்தானில் கணினி முயல வேண்டும். கடவுச்சொல் தவறியபோது வரும் பொத்தானில் மனிதர் முயல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே தொடர். தமிழில் இரண்டு. மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் இருப்பதோ திரை அன்று. சூழல் இழந்த தொடர்களின் நீண்ட பட்டியல். அவர் ஒன்றை எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறார்.

இதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அந்தத் திரையை நாள்தோறும் பயன்படுத்தும் இலக்கண அறிஞர் ஒருவரே. அவர்தான் ஆங்கிலத் திரையில் இருக்கிறார்.

இட நிரப்பிகளின் கதை இதைவிட வருத்தம் தருவது. 'இன்னது நீக்கப்பட்டது' என்ற செய்தியில் 'இன்னது' என்ற இடத்தில் நிரல் ஒரு பெயரைக் கொண்டுவந்து பொருத்துகிறது. ஆங்கிலத்தில் பெயரைச் செருகினால் வேலை முடிந்தது. இந்தியில் 'ஃபைல்' பெண்பால், 'ஃபோல்டர்' ஆண்பால். 'ஹடாயீ கயீ' என்பதா 'ஹடாயா கயா' என்பதா என்பது செருகப்படும் பெயரைப் பொறுத்தது. மொழிபெயர்ப்பாளர் ஏதேனும் ஒன்றை எழுதியாக வேண்டும். பாதி நேரம் திரை பிழையாகப் பேசும். தமிழில் பால் பிரச்சினை இல்லை, வேற்றுமை இருக்கிறது. 'ஆவணம்' என்ற பெயருள்ள கோப்பை நீக்கும்போது, இட நிரப்பிக்குப் பின்னால் இரண்டாம் வேற்றுமை உருபை ஒட்டினால் 'ஆவணம்ஐ நீக்கவா?' என்று வரும். மகர ஈற்றுப் பெயர் அத்துச் சாரியை பெறும் என்பது நிரலுக்குத் தெரியாது.

தீர்வு தொழில்நுட்பத்தில் இல்லை, தமிழிலேயே இருக்கிறது. '"ஆவணம்" என்ற கோப்பை நீக்கவா?' என்று எழுதினால் எந்தப் பெயர் வந்தாலும் தொடர் உடையாது; 'என்ற' பெயரைத் தாங்கிக்கொள்கிறது, வேற்றுமை உருபு 'கோப்பு' என்ற பொதுச்சொல்லுக்குச் சென்றுவிடுகிறது. இந்திக்கும் இதே வழி ஓரளவு பயன்படும்: பொதுச்சொல்லின் பால் நிலையானது, எனவே வினைமுடிபும் நிலையானது. முதுகலை மாணவர் ஒருவர் பத்து நிமிடங்களில் எட்டக்கூடிய விடை இது. பாடத்திட்டத்தில் தொடரியல் இருக்கிறது. பயிற்சிக்கான எடுத்துக்காட்டுகள் வேறெங்கிருந்தோ வருகின்றன.

பன்மொழிப் பொருள்மயக்கத்தை விரிக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் 'ஓப்பன்' வினையும் ஆகும், பெயரடையும் ஆகும். 'ஃப்ரீ' காலியிடத்தையும் குறிக்கும், விலையின்மையையும் குறிக்கும். சூழல் காட்டப்படாத மொழிபெயர்ப்பில் வட்டில் 40 ஜிபி 'இலவசம்' ஆகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. லினக்ஸ் உலகின் மொழிபெயர்ப்புக் கருவியான கெட்டெக்ஸ்டில் சூழல் குறிப்பைச் சேர்க்க இடம் இருக்கிறது. அதை நிரலாளர் நிரப்ப வேண்டும், நிரப்பும்படி யாரேனும் கேட்க வேண்டும்.

இந்தப் பணியைச் செய்தவர்களைக் குறை சொல்ல இடமில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கட்டற்ற மென்பொருள்களை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவந்தவர்களில் பலர் பொறியாளர்கள், ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். வங்காளத்தில் அங்குர், இந்தியில் இண்ட்லினக்ஸ், கேரளத்தில் 2002இல் உருவான சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் ஆகிய குழுக்கள் இரவுகளில் அமர்ந்து ஆயிரக்கணக்கான தொடர்களை மொழிபெயர்த்தன. அடிக்கடி வரும் தொடர்களுக்கு ஒத்திசைவு காண ஃப்யூயல் என்ற திட்டமும் நடந்தது. மொழித் துறைகள் இவற்றுக்கு வாழ்த்துரை வழங்கின. மலையாளக் குழுவின் முழக்கம் 'என் கணினிக்கு என் மொழி' என்பது. அந்த 'என்' யாரைக் குறிக்கிறது என்ற கேள்வி துறைகளை நோக்கித் திரும்பவே இல்லை.

மாற்ற விரும்புவோருக்கும் தடைகள் உண்டு. அவற்றில் ஒன்று வாங்கும்போதே பெட்டிக்குள் வந்துவிடுகிறது. இந்தியச் சந்தையில் விற்கப்படும் மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது விண்டோஸ் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்ற பதிப்பு. பெயரிலேயே விதி எழுதப்பட்டிருக்கிறது. காட்சி மொழியை மாற்ற முனைந்தால், இந்த உரிமம் ஒரே ஒரு காட்சி மொழியை மட்டுமே ஏற்கும் என்ற செய்தி வரும். விசைப்பலகையைச் சேர்க்கலாம், வட்டார வடிவத்தை மாற்றலாம். திரையை மாற்ற மேல்நிலைப் பதிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். 22 மொழிகளை அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் வைத்திருக்கும் நாட்டில், 2011 கணக்கெடுப்பின்படி பத்தாயிரம் பேருக்குமேல் பேசும் மொழிகள் 121 உள்ள நாட்டில், 'ஒரு மொழி' என்ற பதிப்பு இயல்பான பண்டமாக விற்கப்படுகிறது. கல்வி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் கணினிகள் வாங்குகின்றன. ஒப்பந்தப்புள்ளியில் நினைவகம் எவ்வளவு, செயலி எது என்றெல்லாம் பத்தி பத்தியாக எழுதுவோர், காட்சி மொழி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியை எழுதும்படி கேட்க வேண்டிய துறை எது என்பது வெளிப்படை.

ஆய்வகங்களில் நிலைமை வேறு. அங்கே அமைப்புகள் நிர்வாகியின் கையில். மாணவர் தம் கணக்கில் மாற்றினாலும் வரவேற்புத் திரை பழைய மொழியிலேயே நிற்கும். அதை மாற்ற நிர்வாக உரிமை வேண்டும். அப்படியே மாற்றினாலும் அடுத்த மணி நேரத்தில் வரும் மாணவர் முகம் சுளிப்பார்.

இந்த முகச்சுளிப்பை இலேசாக எண்ணிவிடக் கூடாது. மாற்றாமைக்கான காரணங்களில் வலிமையானது இதுவே. திரை என்பது தனிச்சொத்து போலத் தோன்றினாலும் உண்மையில் அது ஒரு கூட்டுச் சொத்து. சிக்கல் வந்தால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எட்டிப் பார்த்து உதவுவார். பழுதுபார்ப்பவர் பழக்கத்தில் மூன்றாவது பொத்தானை அழுத்துவார். பயிற்சிக் கையேட்டில் இருக்கும் படங்கள் எல்லாம் ஆங்கிலத் திரையின் படங்கள். தொலைபேசியில் வழிகாட்டுபவர் 'செட்டிங்ஸ் போங்க' என்பார். காட்சி மொழியை மாற்றிய தனிமனிதர் இந்த வலையிலிருந்து வெளியேறிவிடுகிறார். அவருடைய மொழிப்பற்றுக்கு அவர் தரும் விலை, உதவி கிடைக்காத தனிமை. பெரும்பாலோர் அந்த விலையைத் தர மறுப்பது அறிவுடைமையே.

ஆகவே இது தனிமனிதத் துணிச்சலுக்கு விடப்பட வேண்டிய செயல் அன்று. நிறுவனம் செய்ய வேண்டியது. ஒரு துறையில் இருபது பேர் ஒரே நாளில் மாற்றினால், பக்கத்து இருக்கையில் இருப்பவரும் அதே திரையைத்தான் பார்ப்பார். கேரளத்தின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், பின்னர் கைட் என்ற நிறுவனமாக வளர்ந்தது. அது பள்ளிகளுக்குக் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தது; தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களைப் பயிற்றுமொழிகளில் வெளியிட்டது. உரிமத்தின் பூட்டு இல்லாத இயங்குதளம், தாய்மொழிப் பாடநூல், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால், தன்னார்வலர்கள் செய்த மொழிபெயர்ப்புக்கு ஒரு வாழிடம் கிடைக்கிறது. பள்ளியால் முடிந்தது பல்கலைக்கழகத்துக்குக் கடினம் என்று சொல்ல முடியாது.

ஆங்கிலத் திரையை ஆதரிப்போரின் வாதங்களில் ஒன்று, அது மாணவருக்கு ஆங்கிலத்தைக் கற்றுத் தருகிறது என்பது. பட்டியல்களிலிருந்து ஒருவர் கற்பது சில நூறு சொற்கள். அவையும் மொழியாக அல்ல, இடங்களின் பெயராகப் பதிகின்றன. இடது மூலையில் இருப்பது 'ஃபைல்', அதற்குள் நான்காவதாக இருப்பது 'சேவ்'. நீண்ட தொடர்கள், அதாவது எச்சரிக்கைகள், படிக்கப்படுவதே இல்லை. பள்ளிக் கல்வி முழுவதையும் தாய்மொழியில் முடித்து வந்த மாணவர் 'ஓகே' என்ற பொத்தானைத் தேடிக் கண்டு அழுத்துவதில் வல்லவர் ஆகிறார். எதற்கு 'ஓகே' சொன்னோம் என்பது கோப்பு அழிந்த பின்புதான் தெரிகிறது.

இழப்பு கோப்போடு நிற்பதும் இல்லை. இருப்பிடத்தை அறியலாமா, தொடர்பு எண்களைப் படிக்கலாமா, ஒலிவாங்கியைத் திறக்கலாமா என்று கருவிகள் கேட்கும் கேள்விகள் ஒப்புதல் என்ற சட்டப் பொருளைத் தாங்கியவை. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. புரியாத மொழியில் பெற்ற ஒப்புதல் ஒப்புதல் அன்று என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. 'ஒப்புதல்', 'அனுமதி', 'இசைவு' ஆகிய சொற்களுள் எதை எங்கே இடுவது, அவற்றின் பொருள் வேறுபாடு சாதாரணப் பயனருக்கு எட்டுகிறதா என்பதை ஆராய வேண்டிய பொறுப்பு சொற்பொருளியல் படித்தவர்களுக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு?

பொறியியல் கல்வியும் இந்தக் கேள்வியை வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. 2021-22 கல்வியாண்டு முதல் இந்திய மொழிகளில் பொறியியல் பட்டப்படிப்பை நடத்த அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு கல்லூரிகளுக்கு வழிவிட்டது. அண்ணா பல்கலைக்கழகம் 2010லேயே தமிழ்வழிப் பிரிவுகளைத் தொடங்கியிருந்தது. பாடநூல்கள் மொழிபெயர்க்கப்படுகின்றன. அந்தப் பாடநூலில் 'கோப்புறை' என்று படித்த மாணவர் ஆய்வகத்தில் 'ஃபோல்டர்' என்று தேட வேண்டியிருக்கிறது. நூலின் மொழியும் கருவியின் மொழியும் சந்திக்காத கல்வியைத் தாய்மொழிக் கல்வி என்பது பாதி உண்மை.

பிழைச் செய்தி தமிழிலோ இந்தியிலோ வந்தால் இணையத்தில் தீர்வைத் தேட முடியாது என்பது மற்றொரு வாதம். இதில் நியாயம் உண்டு. தீர்வுகள் ஆங்கிலத்தில்தான் குவிந்திருக்கின்றன. ஆனால் லினக்ஸில் ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஆங்கிலச் சூழலில் இயக்கி, அதே பிழையை ஆங்கிலத்தில் பெற்றுக்கொள்ளலாம். மற்றவை தாய்மொழியிலேயே இருக்கும். விண்டோஸ் பல பிழைகளோடு குறியெண்ணையும் தருகிறது. எண்ணுக்கு மொழி இல்லை. தேடும் நேரத்துக்கு ஆங்கிலம், வாழும் நேரத்துக்குத் தாய்மொழி என்று பிரித்துக்கொள்வது இருமொழியாளருக்குப் புதிய கலையும் அன்று.

மீதம் இருப்பது தூய்மை பற்றிய சண்டை. மக்கள் 'சேவ் பண்ணு', 'டெலீட் பண்ணு' என்கிறார்கள். இந்தியில் 'சேவ் கர்னா', வங்காளத்தில் 'சேவ் கொரா'. ஆங்கிலப் பெயரும் தாய்மொழித் துணைவினையும் சேர்ந்த இந்தக் கூட்டுவினை இந்தியா முழுவதும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. திரை 'சேமி' என்கிறது, வாய் 'சேவ் பண்ணு' என்கிறது. இதில் எது வெல்ல வேண்டும் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. 'கடவுச்சொல்' இன்று வங்கிப் படிவங்களில் இயல்பாக நிற்கிறது. 'பதிவிறக்கம்' செய்தித்தாளில் விளக்கமின்றி வருகிறது. வேறு பல சொற்கள் பட்டியலிலேயே இறந்துவிட்டன. எந்தச் சொல் பிழைக்கும் என்பதை எந்தக் குழுவும் கணித்ததில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: ஒரே கருவியில் ஓரிடத்தில் 'அமைப்பு' என்றும் வேறிடத்தில் 'செட்டிங்ஸ்' என்றும் வந்தால், கற்பவருக்கு அது கடன்சொல்லைவிடவும் தூயசொல்லைவிடவும் பெரிய சுமை. அதிலும் 'அமைப்பு' என்ற சொல் நிறுவனத்தையும் கட்டமைப்பையும் ஏற்கெனவே சுமந்து களைத்தது. சீர்மை முதலில், தூய்மை பிறகு. இந்த வரிசையை ஏற்காத சொல்லாக்கக் குழுக்கள் அகராதிகளைத் தந்தன, திரைகளைத் தரவில்லை.

ஒரு துறை செய்யக்கூடியது பெரிதன்று. ஆய்வகத்தில் ஐந்து கணினிகளை ஒரு பருவத்துக்குத் தாய்மொழித் திரைக்கு மாற்றலாம். உரிமச் சிக்கல் இருந்தால் லினக்ஸ் நிறுவலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது, வேறு பலவும் உள்ளன. முதுகலைத் தொடரியல் தாளின் அகமதிப்பீட்டுப் பணியாக, திரையில் காணும் பிழைகளை வகைப்படுத்தித் திருத்தம் எழுதச் சொல்லலாம்: ஏவலில் மரியாதை பிசகியவை, இட நிரப்பியில் உருபு உடைந்தவை, பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டப்பட்ட நெடுஞ்சொற்கள். கருத்தரங்கக் கட்டுரை ஒன்றுக்குப் போதிய தரவு இரண்டு வாரங்களில் சேர்ந்துவிடும். அதைக் கட்டுரையாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் மூலத்துக்கே அனுப்புவது ஆராய்ச்சி நெறிக்குப் புறம்பானதும் அன்று.

க்னோம் போன்ற திட்டங்களில் மொழிபெயர்ப்பைத் திருத்தப் பொறியியல் பட்டம் தேவையில்லை. தளத்தில் ஒரு கணக்கு, மொழிக்குழுவுக்கு ஓர் அறிமுக மடல், தொடர் கோப்பைத் திறக்கும் ஓர் எளிய செயலி ஆகியவை போதும். க்னோம் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பை வெளியிடுகிறது. பல்கலைக்கழகப் பருவமும் ஏறத்தாழ ஆறு மாதம்தான். ஜூலையில் வகுப்பு தொடங்கி முதல் மாதத்திலேயே 'உள்நுழை' என்ற பொத்தானைக் கண்டு முகம் சுளித்த மாணவரின் திருத்தம், குழு ஏற்றால் செப்டம்பர் பதிப்புக்கே சென்று சேரலாம், தவறினால் மார்ச்.